செடியில் எது எங்கே இருக்கிறது? இட அமைவுச் சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செடிகளை அடையாளம் காணப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் பூவின் நிறத்தில் தொடங்கி இலையின் வடிவத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எது எங்கே ஒட்டியிருக்கிறது என்று கேட்டால்தான் தடுமாற்றம். அந்த இடத்தில் என்னிடம் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், போகப் போகக் கொஞ்சம் முறுக்கேறும். ஒருமுறை சொன்னதை மறுபடி சொல்லாமல் கேள்வி எண்ணைக் காட்டியிருக்கிறேன்.

1. எல்லாம்தான் கண்ணுக்குத் தெரிகிறதே, இடத்தைச் சொல்ல எதற்குத் தனிச் சொற்கள்?

நிறம் மாறும், அளவு மாறும். நிழலில் வளர்ந்த செடியின் இலை வெயிலில் வளர்ந்த அதே இனத்தின் இலையைவிடப் பெரிதாக இருக்கும். ஆனால் துளசியில் இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே வருவது நிழலிலும் வெயிலிலும் ஒன்றுதான். இட அமைவு அவ்வளவு எளிதில் மாறாது, அதனால்தான் வகைப்பாட்டில் அதற்கு அத்தனை மதிப்பு.

இன்னொன்று, இடத்தை வைத்துத்தான் ஓர் உறுப்பு என்னவென்றே சொல்ல முடிகிறது. முள் என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரு செடியில் கிளை, இன்னொன்றில் இலையடிச் செதில் (இலைக்காம்பின் அடியில் வரும் சிறு செதில்), வேறொன்றில் வெறும் தோல். பார்வைக்கு எல்லாம் முள்தான், முளைத்த இடம்தான் வேறு (கேள்வி 9).

2. கணு, கணுவிடை, இலைக்கோணம்: இந்த மூன்றையும் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்களேன்.

தண்டில் இலை ஒட்டும் இடம் கணு. இரண்டு கணுக்களுக்கு நடுவில் உள்ள பகுதி கணுவிடை. இலைக்காம்பின் மேற்பக்கத்துக்கும் அதற்கு மேலே போகும் தண்டுக்கும் நடுவில் விழும் இடுக்கு இலைக்கோணம், சில நூல்களில் கக்கம் என்றும் வரும். அந்த இடுக்கில் இருக்கும் மொட்டு கோணமொட்டு. தண்டின் முனையில் இருப்பது நுனிமொட்டு.

இந்த மூன்றில் இலைக்கோணத்தைத்தான் முக்கியமாக மனத்தில் வையுங்கள். பூக்கும் தாவரங்களில் இலை இருந்தால் அதன் கோணத்தில் மொட்டு இருக்கும், மிகச் சிறியதாகவோ உறங்கிக்கொண்டோ இருந்தாலும் சரி. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

3. மேல், கீழ் என்றே சொல்லிவிட்டுப் போகலாமே, அடி, நுனி என்று ஏன் சுற்றிவளைக்கிறீர்கள்?

செடி நேராக நிற்கிறவரை மேல், கீழ் போதும். தொங்கினால், படர்ந்தால், வளைந்தால் அந்தச் சொற்கள் கைவிட்டுவிடும். வாழைத்தாரைப் பாருங்கள். தார் வெளியே தள்ளியதும் வளைந்து தலைகீழாகத் தொங்குகிறது. நம் கண்ணுக்கு உச்சியில் தெரியும் முதல் சீப்புதான் தாரின் அடி. முதலில் உருவானது அது, அங்கே இருப்பவை பெண் பூக்கள். கீழே தொங்கும் வாழைப்பூ தாரின் நுனி, அதன் மடல்களுக்குள் இருப்பவை ஆண் பூக்கள். இதைப் பார்த்து "பெண் பூ மேலே, ஆண் பூ கீழே" என்று எழுதி வைத்தால், தார் நிமிர்ந்தே நிற்கும் அலங்கார வாழை இனங்களைப் பார்க்கும்போது எழுதியது அப்படியே கவிழ்ந்துவிடும். "அடியில் பெண், நுனியில் ஆண்" என்பது இரண்டுக்கும் பொருந்தும்.

ஆக, ஓர் உறுப்பு எதில் ஒட்டியிருக்கிறதோ அதற்குப் பக்கத்தில் உள்ள முனை அடி (அண்மை முனை), விலகிய முனை நுனி (சேய்மை முனை). வேருக்கு அடி மேலேயும் நுனி கீழேயும் வரும். உருளைக்கிழங்கை எடுத்தால், தாய்ச்செடியிலிருந்து அறுந்த வடு உள்ள பக்கம் அடி, கண்கள் நெருங்கிக் கிடக்கும் பக்கம் நுனி. அந்தக் கண் ஒவ்வொன்றும் கேள்வி 2இல் சொன்ன கணுவும் கோணமொட்டும்தான், அதனால்தான் அது தண்டு.

4. இலை மாற்றா, எதிரா, வட்டமா? எப்படிப் பார்த்ததும் சொல்வது?

கணுவுக்கு எத்தனை இலை என்று மட்டும் எண்ணுங்கள். ஒன்று என்றால் மாற்றிலை அமைவு: செம்பருத்தி, ஆல், பப்பாளி. இரண்டு என்றால் எதிரிலை அமைவு: துளசி, எருக்கு, தும்பை. மூன்றும் அதற்கு மேலும் என்றால் வட்ட இலை அமைவு. அரளியில் பெரும்பாலும் மூன்று, ஏழிலைப்பாலையில் கணுவுக்குக் கணு எண்ணிக்கை கொஞ்சம் மாறும், பெயரில் ஏழு இருக்கிறதே என்று ஏழையே தேட வேண்டாம். மூன்றாக வருவதை மட்டும் மூவிலை அமைவு என்று பிரித்துச் சொல்கிறவர்களும் உண்டு.

கிளையின் நுனியில் பார்க்காதீர்கள். அங்கே கணுவிடைகள் இன்னும் நீளாததால் மாற்றிலைகூட வட்டம்போலத் தெரியும். நன்றாக நீண்ட நடுப்பகுதியில் நாலைந்து கணுக்களைப் பாருங்கள். அப்புறம், இளஞ்செடியும் முதிர்ந்த மரமும் வேறுபடுவதும் உண்டு: யூகலிப்டஸ் இனங்கள் பலவற்றில் இளம் இலைகள் எதிராகவும், முதிர்ந்த கிளைகளில் மாற்றாகவும் இருக்கும்.

5. எதிரிலையிலேயே குறுக்குமறுக்கு என்கிறார்களே, அது என்ன? கொய்யா எதில் சேரும்?

எருக்கின் தண்டை நுனியிலிருந்து நேராகக் கீழே பாருங்கள். ஒரு ஜோடி கிழக்கு மேற்காக இருந்தால் அதற்கு அடுத்த ஜோடி வடக்கு தெற்காக இருக்கும், மேலிருந்து பார்த்தால் நான்கு வரிசை தெரியும். அதுதான் குறுக்குமறுக்கு எதிரிலை அமைவு. எல்லா ஜோடியும் ஒரே திசையில், ஒன்றின் மேல் ஒன்றாக வந்து இரண்டே வரிசை தெரிந்தால் ஒன்றன்மேல் ஒன்றான எதிரிலை அமைவு.

கொய்யாவைப் பாடப் புத்தகங்கள் இரண்டாவது வகைக்கு எடுத்துக்காட்டாகக் காட்டுகின்றன. நான் அதை அப்படியே ஏற்பதில்லை. நேராக எழும்பும் கொய்யாக் குருத்தைப் பார்த்தால் ஜோடிகள் குறுக்குமறுக்காகவே பிறக்கின்றன. பக்கவாட்டில் நீளும் கிளைகளில்தான் தண்டும் காம்பும் முறுக்கிக்கொண்டு எல்லா இலைகளையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவந்துவிடுகின்றன, வெளிச்சத்துக்காக. ஒரு செடியின் அமைவைத் தீர்மானிக்க நிமிர்ந்த குருத்தைத் தேடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் புத்தகத்தில் இருப்பதை எழுதிக்கொள்ளுங்கள், சண்டை வேண்டாம்.

6. 2/5, 3/8 என்று பின்னமாக எழுதுகிறார்களே, அது என்ன கணக்கு?

மாற்றிலை அமைவுக்கு மட்டும் உள்ள கணக்கு அது. ஓர் இலையில் தொடங்கி, தண்டைச் சுற்றிக்கொண்டே அடுத்தடுத்த இலைக்கு ஏறுங்கள், தொடங்கிய இலைக்கு நேர் மேலே ஓர் இலை வரும்வரை. எத்தனை சுற்று சுற்றினீர்கள் என்பது மேல் எண், வழியில் எத்தனை இலை கடந்தீர்கள் என்பது கீழ் எண். செம்பருத்தியில் இரண்டு சுற்று, ஐந்து இலை; ஆறாவது இலை முதல் இலைக்கு நேர் மேலே நிற்கும். அதனால் 2/5, அடுத்தடுத்த இரண்டு இலைகளுக்கு நடுவே 144 பாகை. புற்களில் 1/2, அதாவது 180 பாகை, இரண்டே வரிசை. கோரையில் 1/3, 120 பாகை, மூன்று வரிசை. தண்டை உருட்டிப் பார்த்தால் அதுவும் முக்கோணமாக இருக்கும். பப்பாளி 3/8, 135 பாகை.

இந்தப் பின்ன வரிசை போகப் போக 137.5 பாகைக்கு நெருங்கும். 1754இலேயே சார்ல்ஸ் போனே இலைகளின் சுருளைக் கவனித்து எழுதிவிட்டார்; பிராவே சகோதரர்கள் 1837இல் இந்தக் கோணத்தைக் கணக்காகக் காட்டினார்கள். ஏன் அந்தக் கோணம் என்றால், 1868இல் ஹோஃப்மைஸ்டர் சொன்ன விளக்கம் இன்றும் அடிப்படையில் நிற்கிறது: ஏற்கெனவே முளைத்த இலைக் குருத்துகளுக்கு நடுவே அதிக இடம் கிடைக்கும் இடத்தில் புதிய குருத்து எழும்புகிறது. வளரும் குருத்துகள் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தம்பக்கம் இழுத்துக்கொள்வதால் அக்கம்பக்கத்தில் அது குறைந்து, தள்ளி இருக்கும் இடத்தில்தான் அடுத்த குருத்து கிளம்புகிறது என்று இப்போது சொல்கிறார்கள்.

அடையாளம் காண இத்தனை கணக்கு தேவையில்லை. தண்டு கொஞ்சம் முறுக்கினாலே நேர் மேலே எது என்பது குழம்பிவிடும். இரு வரிசை, மூவரிசை, சுருள் என்று எழுதினாலே போதும்.

7. வேப்பிலையில் நான் பறிப்பது ஒரு இலையா, பல இலைகள் உள்ள கிளையா?

ஒரே இலை. கூட்டிலை. நாம் இலை என்று நினைக்கும் ஒவ்வொன்றும் சிற்றிலை. இதைத் தீர்க்கும் வழி கேள்வி 2இல் இருக்கிறது: மொட்டைத் தேடுங்கள். சிற்றிலைகளின் கோணத்தில் மொட்டே இருக்காது. மொத்தமும் தண்டில் சேரும் இடத்தில்தான் மொட்டு இருக்கும். நுனியிலும் வளரும் மொட்டு கிடையாது. முருங்கையில் மும்முறை பிரிந்த கூட்டிலை, ஒரு கிளை அளவுக்கு நீளும், ஆனாலும் அது ஒரே இலைதான்.

இதற்கு நேர் எதிரான வேடம் போடுவது கீழாநெல்லி. மெல்லிய காம்பின் இரு பக்கமும் சின்னச் சின்ன இலைகள், புளிய இலையைப் போலவே இருக்கும், எல்லோரும் கூட்டிலை என்றுதான் எழுதுவார்கள். அதைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு குட்டி இலையின் கோணத்திலும் ஒரு பூவோ உருண்டைக் காயோ வரிசையாகத் தொங்கும். கோணத்தில் பூ வந்தால் அது சிற்றிலையாக இருக்க முடியாது, தனி இலைதான். எனவே அந்த மெல்லிய காம்பு ஒரு கிளை. நெல்லி மரத்திலும் இதே கதை. அந்தக் குட்டிக் கிளைகள் இலையைப் போலவே முழுசாக உதிர்வதால் மேலும் ஏமாற்றும்.

8. வேரிலிருந்து இலை முளைக்குமா? வேர்மட்ட இலை என்று எழுதியிருக்கிறதே.

முளைப்பது தண்டிலிருந்துதான். முள்ளங்கி, சோற்றுக்கற்றாழை போன்றவற்றில் தண்டு தட்டையாகக் குறுகி, கணுவிடைகள் இல்லாததுபோல் ஆகி, இலைகள் தரையோடு தரையாகக் கொத்தாக நிற்கின்றன. பார்க்க வேரிலிருந்து வந்ததுபோல இருப்பதால் அந்தப் பெயர். தண்டு முழுக்கப் பரவியிருப்பவை தண்டிலைகள். முள்ளங்கி பூக்க ஆரம்பித்ததும் கணுவிடைகள் நீண்டு தண்டு எழும்பும், அப்போது ஒரே செடியில் இரண்டையும் பார்க்கலாம்.

9. முள் எங்கே இருந்தால் என்ன? முள் முள்தானே?

கையில் குத்தும்போது முள் முள்தான். எழுதும்போது இடம் பாருங்கள். காகிதப்பூவில் முள் இலைக்கோணத்தில் இருக்கும், அதாவது மொட்டு இருக்க வேண்டிய இடத்தில், எனவே அது மாறிய கிளை. எலுமிச்சையிலும் கோணத்தில்தான். கருவேலத்தில் முட்கள் இலையடியின் இரு பக்கமும் ஜோடியாக வரும். அது இலையடிச் செதில் இருக்க வேண்டிய இடம். இலந்தையிலும் அப்படியே, பல கணுக்களில் ஒன்று நேராகவும் ஒன்று கொக்கியாகவும் இருப்பதைப் பார்க்கலாம். ரோஜாவில் கணு, கணுவிடை, இலைக்காம்பு என்று எந்த ஒழுங்கும் இல்லாமல் எங்கே வேண்டுமானாலும் இருக்கும். அது தோலிலிருந்து எழுந்த வளரி, பக்கவாட்டில் அழுத்தினால் சுத்தமாகப் பெயர்ந்து வந்துவிடும்.

பற்றுக்கம்பிக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். பாசிஃபுளோராவில் அது இலைக்கோணத்தில். செங்காந்தளில் இலையின் நுனியே சுருண்டு கம்பியாகிறது. பட்டாணியில் கூட்டிலையின் நுனிச் சிற்றிலைகள் கம்பியாகின்றன. பாகல், பூசணி வகையில் இலைக்காம்பின் பக்கவாட்டில். பிரண்டையில் இலைக்கு எதிர்ப்புறம், அதே கணுவில். இந்த "இலைக்கு எதிரே" என்ற ஒரு குறிப்பு கிடைத்தாலே திராட்சைக் குடும்பம் என்று என் மனம் போய்விடும், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

10. இலையடிச் செதிலை எங்கே தேடுவது? எனக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை.

முதிர்ந்த இலையில் தேடியிருப்பீர்கள். பல செடிகளில் அது சீக்கிரமே உதிர்ந்துவிடும், இளங்குருத்தில் பாருங்கள். செம்பருத்தியில் காம்பின் அடியில் இரு பக்கமும் நூல்போல நிற்கும். ரோஜாவில் காம்போடு ஒட்டிக்கொண்டு சிறகுபோல ஓடும். இட்லிப்பூவில் எதிரெதிர் இரண்டு காம்புகளுக்கும் நடுவே தண்டின் மேல் ஒரு முக்கோணமாக இருக்கும்; எதிரிலையும் இந்த நடுக்காம்புச் செதிலும் சேர்ந்து கண்ணில் பட்டால் காப்பிச் செடியின் குடும்பம்தான் என்று துணிந்து சொல்லலாம்.

11. தாமரை இலையையும் அல்லி இலையையும் எப்படிப் பிரிப்பது?

காம்பு எங்கே சேர்கிறது என்று பாருங்கள். தாமரையில் காம்பு இலைத்தாளின் நடுவே அடிப்பக்கத்தில் சேரும், விளிம்பு எங்கும் வெட்டில்லாமல் முழு வட்டமாக இருக்கும். அல்லியில் விளிம்பிலிருந்து காம்புவரை ஒரு பிளவு உள்ளே போகும். ஆமணக்கிலும் காம்பு விளிம்பில் சேராமல் சற்று உள்ளே தள்ளித்தான் சேர்கிறது, மடல்கள் ஆழமாக இருப்பதால் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். காம்பே இல்லாமல் இலைத்தாள் நேராகத் தண்டில் உட்கார்ந்தால் காம்பிலி இலை. அதன் அடி தண்டை இரு பக்கமும் அணைத்தால் தண்டு தழுவிய இலை.

12. மணத்தக்காளியில் பூங்கொத்து கணுவிலும் இல்லை, கோணத்திலும் இல்லை, நடுத்தண்டில் இருக்கிறதே! விதி பொய்யா?

நல்ல கண் உங்களுக்கு. கோணம் விலகிய மஞ்சரி (மஞ்சரி என்றால் பூங்கொத்து) என்று அதைச் சொல்வார்கள், சுண்டையிலும் அப்படித்தான். நடந்தது இதுதான்: தண்டு உண்மையில் அந்தப் பூங்கொத்தோடு முடிந்துவிட்டது. கீழே உள்ள இலைக்கோணத்திலிருந்து கிளம்பிய கிளை அதை முந்திக்கொண்டு நேர்த்தண்டுபோல நிமிர்ந்துவிட்டது. கொத்தின் காம்பு கொஞ்ச தூரம் அந்தக் கிளையோடு ஒட்டியே போவதால் கணுவிடையின் நடுவில் முளைத்ததுபோல் தெரிகிறது. விதி நிற்கிறது, நாம் ஒரே தண்டு என்று நினைத்ததுதான் உண்மையில் பல கிளைகளின் தொடர்ச்சி.

பலா, அத்தி, கொக்கோவில் அடிமரத்திலேயே பூத்துக் காய்ப்பது வேறு சங்கதி. பழைய தண்டில் தங்கிய மொட்டுகளிலிருந்து வருவது. உண்மையிலேயே இடம் தவறி வருபவற்றுக்கு வேற்றிட என்ற அடைமொழி உண்டு: ஆலம் விழுது வேற்றிட வேர், ரணகள்ளி இலையின் விளிம்பில் முளைக்கும் குட்டிச்செடி வேற்றிட மொட்டிலிருந்து வருவது.

13. இலையின் மேற்புறம் எது என்பதில் என்ன சந்தேகம் இருக்க முடியும்?

தொங்கும் இலையில் வரும். முதிர்ந்த யூகலிப்டஸ் இலை செங்குத்தாகத் தொங்குகிறது, இரண்டு பக்கமும் ஒரே நிறம். அல்ஸ்ட்ரோமீரியாவில் இலையடி முறுக்கிக்கொண்டு இலை முழுசாகப் புரண்டே கிடக்கும். அதனால் மொட்டில் மடிந்திருந்தபோது தண்டைப் பார்த்த பக்கம் எதுவோ அதையே அளவாக வைக்கிறார்கள். தண்டை நோக்கியது அச்சு நோக்கிய பக்கம், மற்றது அச்சு விலகிய பக்கம். பிறகு இலை எப்படிப் புரண்டாலும் பெயர் மாறாது. சாதாரண இலையில் மேற்புறம், கீழ்ப்புறம் என்றே எழுதுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

14. மேற்சூல்பை, கீழ்ச்சூல்பை: பூவை வெட்டாமல் கண்டுபிடிக்க முடியுமா?

பல நேரம் முடியும். சூல்பை என்பது பூவில் பின்னால் காயாகும் பகுதி. பூசணியின் பெண் பூவில் இதழ்களுக்குக் கீழே குட்டிக் காய் ஒன்று வெளியே தெரியும், அது கீழ்ச்சூல்பை. செம்பருத்தியில் இதழ்களைப் பிய்த்தால்தான் உள்ளே சூல்பை தெரியும், அது மேற்சூல்பை. அதாவது புல்லியும் (பூவின் வெளிவட்டம்) அல்லியும் (இதழ் வட்டம்; கேள்வி 11இன் அல்லிச் செடி இல்லை) சூல்பைக்குக் கீழே ஒட்டியிருக்கின்றனவா, அதன் உச்சியில் ஒட்டியிருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

காயிலும் தெரியும், எனக்கு இதுதான் பிடித்த வழி. கத்தரிக்காயில் புல்லிவட்டம் காம்புப் பக்கம் தொப்பியாக நிற்கிறது: மேற்சூல்பை. மாதுளையில் காம்புக்கு எதிர்முனையில் கிரீடமாக நிற்கிறது: கீழ்ச்சூல்பை. கொய்யாவிலும் எதிர்முனையில்தான். முந்திரியில் சதைப்பற்றான பகுதி பூக்காம்பு பருத்தது, உண்மையான காய் அதன் நுனியில் ஒட்டியிருக்கும் கொட்டைதான். அங்கே இந்தச் சோதனையைச் செய்து குழம்பாதீர்கள்.

15. மேற்சூல்பை உள்ள பூவை "சூலகக் கீழ் மலர்" என்று போட்டிருக்கிறார்கள். அச்சுப் பிழைதானே?

பிழை இல்லை, எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம். இரண்டு பெயரும் ஒரே நிலையை இரண்டு பக்கத்திலிருந்து சொல்கின்றன. மேல், கீழ் என்று சூல்பையைச் சொன்னால் மற்ற உறுப்புகளை வைத்துச் சொல்கிறோம். மலரைச் சொன்னால் சூலகத்தை (சூல்பை உள்ள பெண் உறுப்பை) வைத்து மற்ற உறுப்புகளின் இடத்தைச் சொல்கிறோம்: அவை சூலகத்துக்குக் கீழே இருப்பதால் சூலகக் கீழ் மலர். சூல்பை மேலே என்றால் மற்றவை கீழேதானே. அதேபோலக் கீழ்ச்சூல்பை என்றால் சூலக மேல் மலர்.

ரோஜாவில் இன்னொரு நிலை. கிண்ணம்போன்ற அமைப்பின் விளிம்பில் இதழ்களும் மகரந்தத்தாள்களும், கிண்ணத்தின் உள்ளே தனியாகச் சூலகங்கள். அது சூலகச் சூழ் மலர். கிண்ணத்தோடு சூலகம் ஒட்டாததால் அதைக் கீழ்ச்சூல்பை என்று எழுதக் கூடாது. 1789இல் தாவரவியலாளர் ஜுஸ்ஸியூ தம் வகைப்பாட்டுக்கு இந்த மூன்று நிலைகளைத்தான் பெரிதும் நம்பினார். பின்னால் பெந்தம், ஹூக்கர் வகைப்பாட்டிலும் (1862–1883) அல்லி இணைந்த தாவரங்களில் கீழ்ச்சூல்பை உள்ளவற்றுக்கு இன்ஃபெரே என்று தனிப் பிரிவே உண்டு.

16. மகரந்தத்தாள் இதழுக்கு எதிரே என்றால், பூவின் அந்தப் பக்கமா?

இலையில் எதிர் என்றால் தண்டின் மறுபக்கம். பூவில் எதிர் என்றால் நேர் முன்னே, ஒரே ஆரத்தில். இந்த வேறுபாட்டை யாரும் சொல்லித் தராமலே பாடம் நகர்ந்துவிடுகிறது. கத்தரிப் பூவில் ஐந்து மகரந்தத்தாள்களும் இதழ்மடல்களின் இடைவெளிகளில் நிற்கின்றன: அல்லிகளுக்கு மாற்றாக. பிரண்டைப் பூவில் நான்கு இதழ், நான்கு மகரந்தத்தாள், ஒவ்வொன்றும் ஒவ்வோர் இதழின் முன்னால்: அல்லிகளுக்கு எதிராக. இலந்தையிலும் அப்படியே. மிகச் சிறிய பூக்கள், கைக்கண்ணாடி வேண்டும், இதழ் சீக்கிரம் உதிர்வதால் அப்போதுதான் விரிந்த பூவைப் பார்க்க வேண்டும்.

பூவில் அடுத்தடுத்த வட்டங்கள் ஒன்றின் இடைவெளியில் ஒன்றாக வருவதுதான் வழக்கம். அதனால் எதிராக வந்தால் அது கவனிக்கத்தக்க குறிப்பு, தவறாமல் எழுதிவையுங்கள்.

17. பூவுக்கு முன்பக்கம், பின்பக்கம் எப்படி? சங்குப்பூவின் பெரிய இதழ் கீழேதானே இருக்கிறது?

பக்கவாட்டில் முளைக்கும் பூவுக்குத்தான் இந்தக் கேள்வி. அது முளைத்த தாய் அச்சைப் பார்த்த பக்கம் பின்பக்கம், பூவடிச் செதிலை (பூக்காம்பின் அடியில் உள்ள இலை போன்ற செதிலை) பார்த்த பக்கம் முன்பக்கம். மலர் வரைபடத்தில் மேலே போடும் புள்ளி தாய் அச்சு, கீழே போடும் வளைவு பூவடிச் செதில். அவரைக் குடும்பத்தில் பெரிய கொடியிதழ் பின்பக்கம், அதாவது வரைபடத்தில் மேலே.

சங்குப்பூ இதில் புரண்டு படுத்த பூ. காம்பு முறுக்கிக்கொள்வதால் கொடியிதழ் கீழே வந்து, பூச்சி வந்து அமரும் மேடையாகிவிடுகிறது. ஆனாலும் அது பின்பக்க இதழ்தான், காரணம் கேள்வி 13இல் சொன்ன அதே காரணம்: பிறந்தபோது எந்தப் பக்கம் இருந்ததோ அதுவே கணக்கு. ஆர்க்கிட் பூக்கள் பெரும்பாலானவையும் இப்படி 180 பாகை திரும்பித்தான் உதட்டிதழைக் கீழே கொண்டுவருகின்றன.

18. சூல் ஒட்டுமுறையை மனப்பாடம் செய்யாமல் நினைவில் வைக்க முடியுமா?

காயைக் குறுக்கே வெட்டி விதை எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள், அவ்வளவுதான். எலுமிச்சையில் அறைகள் கூடும் நடு அச்சில்: அச்சு ஒட்டுமுறை. பப்பாளியில் நடுவே வெற்றிடம், விதைகள் சுவரில்: சுவர் ஒட்டுமுறை. பட்டாணியில் ஓர் ஓரத்தையொட்டி வரிசையாக: விளிம்பு ஒட்டுமுறை, இதற்கு மட்டும் நெடுக்கே பிளக்க வேண்டும். சூரியகாந்தியில் ஒரே சூல், அறையின் அடியில்: அடிச்சூல் ஒட்டுமுறை.

19. கொடி வலமாகச் சுற்றுகிறதா இடமாகவா என்பதில் இரண்டு புத்தகம் இரண்டு விதமாகச் சொல்கிறது. எதை நம்ப?

எங்கே நின்று பார்ப்பது என்பதில்தான் வேறுபாடு. ஒருவர் மேலிருந்து பார்க்கிறார், இன்னொருவர் கொடியே தானாகி உள்ளிருந்து பார்க்கிறார். அதனால் வலம், இடம் என்று மட்டும் எழுதாமல் காண்பதை எழுதுங்கள்: கொம்பின் முன் நின்று பார்த்தால், கண்ணுக்குத் தெரியும் முன்பக்கத்தில் கொடி கீழ் இடதிலிருந்து மேல் வலதுக்கு ஏறுகிறதா, கீழ் வலதிலிருந்து மேல் இடதுக்கு ஏறுகிறதா. அவரை முதல் வகை. கொம்பைச் சுற்றி எந்தப் பக்கம் போய் நின்று பார்த்தாலும், செடியைத் தலைகீழாகப் பிடித்தாலும்கூட இது மாறாது. வள்ளிக்கிழங்குக் கொடிகளில் பெருவள்ளியும் காய்வள்ளியும் எதிரெதிர்த் திசையில் சுற்றும். இலை மட்டும் பார்த்துத் திணறும்போது இது கைகொடுக்கும்.

20. போட்டோ அனுப்பினால் பெயர் சொல்வீர்களா? எந்தக் கோணத்தில் எடுக்க வேண்டும்?

பூவின் முகத்தை மட்டும் எடுத்து அனுப்புகிறவர்கள்தான் அதிகம், அதில் பாதிக்கு மேல் பெயர் சொல்ல முடியாமல் போகும். ஒரு கணுவை அருகில் எடுங்கள், காம்பின் அடியும் கோணமும் தெரியும்படி. இலையின் இரண்டு பக்கமும் வேண்டும். பூவைப் பக்கவாட்டில் எடுங்கள், சூல்பை எங்கே என்று அதில்தான் தெரியும்.

உலர்த்தி ஒட்டுகிறவர்களுக்கும் இதே கதை. ஏறத்தாழ 42 × 29 செ.மீ. தாளில் செடியை அழுத்தியதும் சுருள், குறுக்குமறுக்கு எல்லாம் ஒரே தளத்தில் படுத்துவிடும். ஓர் இலையையாவது புரட்டி வையுங்கள். தொங்கியதா நிமிர்ந்ததா என்பதை அங்கேயே, செடி முன்னால் இருக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

21. இத்தனையும் படித்தாயிற்று. ஒரு செடியை நீங்களே எழுதிக் காட்டுங்களேன்.

எருக்கையே எடுத்துக்கொள்கிறேன். இலைகள் எதிர், குறுக்குமறுக்கு; காம்பு மிகக் குறுகியது, இலையடி இதய வடிவில் தண்டை ஓரளவு அணைத்திருக்கும்; இலையடிச் செதில் இல்லை. மஞ்சரி கோணத்தில் இல்லை, ஒரே கணுவின் இரண்டு காம்புகளுக்கும் நடுவில், பக்கவாட்டிலிருந்து கிளம்புகிறது. அல்லி மடல்கள் மொட்டில் விளிம்போடு விளிம்பு தொட்டிருக்கும். சூல்பை மேல், இரண்டு சூலகங்கள் கீழே தனித்தனியாகவும் உச்சியில் சேர்ந்தும் இருக்கும். ஒரு பூவிலிருந்து இரண்டு காய்கள் வரலாம், பெரும்பாலும் ஒன்றுதான் தேறும். விதையின் ஒரு முனையில் மட்டும் பட்டு மயிர்க்கொத்து.

நிறம் எழுதவில்லை, கவனித்தீர்களா? எருக்கில் வெள்ளையும் உண்டு, ஊதாவும் உண்டு. இந்தக் குறிப்பு இரண்டுக்கும் பொருந்தும்.